மேசைமேல் இரண்டு கேமராக்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்து ஸ்டுடியோ அண்ணன்மாருக்கும், மூணாறு, மறையூர், பூப்பாறை, குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்து அண்ணாச்சிமாருக்கும், இந்தக் கடைகளிலிருந்து கல்யாண வீடுகளுக்குக் கேமரா தூக்கிப் போகும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உங்கள் கடை மேசையைப் பற்றி உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். பழைய குடும்பப் படங்களைத் தேடி இந்த ஊர்களில் அலைகிறவன் நான். வரும்போதெல்லாம் உட்கார வைத்து டீ வாங்கித் தந்திருக்கிறீர்கள். டீ வரும்வரை என் கண் மேசைமேல்தான் இருக்கும். இருபது முப்பது வருஷம் ஓடிய ஸ்டுடியோ என்றால் அந்த மேசையில் பெரும்பாலும் இரண்டு கேமராக்கள் இருக்கும். ஒன்று உழைக்கிற கேமரா. சார்ஜர், கார்டு ரீடர், ஹார்டு டிஸ்க், இரண்டு மூன்று ஒயர்கள் என்று குடும்பத்தோடு குடிவந்து மேசையில் பாதியை எடுத்துக்கொண்டிருக்கும். இன்னொன்று ஓய்வுபெற்ற கேமரா. யாஷிகா மேட் 124ஜி, பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்10, சில கடைகளில் ரஷ்ய லுபிடெல். அது சாமி படத்துக்கும் கால்குலேட்டருக்கும் நடுவில், யாரிடமும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருக்கும்.

இந்த இரண்டையும் பார்த்ததில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தையும், கூடவே வந்த ஒரு கவலையையும் எழுதுகிறேன். சந்தோஷம் முதலில்.

மேசைப் பொருள் என்ற முறையில் யாஷிகாவை அடிக்க ஆள் இல்லை. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று எப்படிப்பட்டது என்று சித்தூர் தாலுக்காக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றிலும் யாஷிகாவுக்கு அடியில் வைத்த பில்லும் ஆர்டர் சீட்டும் அசைவதில்லை. புதுக் கேமராவும் எடை உள்ளதுதான். நிக்கான் ஸெட்9 பேட்டரியோடு 1,340 கிராம். ஆனால் அது இருக்கிற விலைக்குச் சீட்டின் மேல் வைக்க யாருக்கும் மனசு வராது. காற்று அடித்தால் யாஷிகா சீட்டைக் காப்பாற்றும். ஸெட்9-ஐ நாம் ஓடிப்போய்க் காப்பாற்ற வேண்டும். அக்ஃபா கிளிக் த்ரீ வைத்திருக்கிறவர்கள் மட்டும் இந்த வேலைக்கு அதை இறக்க வேண்டாம். ரொம்ப இலேசு, காற்று நாளில் அதற்கே ஒரு பாரம் வேண்டியிருக்கும். ஆனாலும் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்த அந்தப் பெட்டியில் கற்றுக்கொள்ள இரண்டே குறிகள், வெயில் ஒன்று, மேகம் ஒன்று. நாடு முழுக்கப் பல குடும்பங்களுக்கு முதல் கேமரா அதுதான். மூணாறில் அதை வாங்கினவர்கள் ஜூன் தொடங்கி மாதக்கணக்கில் மேகத்திலேயே வைத்திருந்திருப்பார்கள்.

கடைக்கு வரும் குழந்தைகளை வைத்து இரண்டையும் சோதித்துப் பாருங்கள். புதுக் கேமராவைக் கையில் கொடுத்தால் உடனே பின்பக்கத்தைத் திருப்பிப் படம் பார்க்கும். யாஷிகாவைக் கொடுத்தாலும் அதேபோல் பின்பக்கத்தைத் திருப்பும், அங்கே வெறும் கறுப்புக் கதவு. முகம் வாடும். அப்போது மேல் மூடியைத் தூக்கிக் காட்டுங்கள். நான்கு தகடுகளும் எழுந்து நிற்க, கீழே சதுரமான கண்ணாடியில் தெரு ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி இல்லை, சுவிட்ச் இல்லை, வண்ணத்தில், அசையும் படம்! அதிலும் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். கொழிஞ்சாம்பாறை ரோட்டில் பொள்ளாச்சிக்குப் போகும் பஸ் கண்ணாடியில் பாலக்காட்டுக்குப் போகும். அதைப் பார்த்த எந்தக் குழந்தையும் அடுத்த பஸ் வரும்வரை இடத்தைவிட்டு நகர்ந்ததாக நான் பார்க்கவில்லை. பெரியவர்களும் அப்படித்தான். கேமராவை வலப்பக்கம் திருப்பினால் உருவமும் வலப்பக்கமே ஓடுகிற இந்தக் குழப்பத்தை வைத்துக்கொண்டுதான், இருபது பேர் கொண்ட குடும்பத்தை மூன்று வரிசையாக நிறுத்தி, தாத்தாவின் துண்டைச் சரிசெய்து, அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தி, நீங்கள் ஒரே அடியில் படம் எடுத்தீர்கள். ரோலில் மொத்தம் பன்னிரண்டுதான். அந்தப் பன்னிரண்டில் ஒன்று கண்மூடிப் போனால் கூடுதல் செலவு உங்கள் கையிலிருந்துதான்.

இரண்டு கேமராக்களும் தூங்கி எழுவதைக் கவனித்திருக்கிறீர்களா? புதுக் கேமராவை ஆறேழு மாதம் இழுப்பறையில் விட்டுவிட்டு எடுத்தால் நேரம் மறந்திருக்கும், தேதி மறந்திருக்கும், எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதும் மறந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வேலைக்கு வரும். கே1000-க்கு நேரம் காலம் எதுவும் தெரியாது. 1976-லிருந்து 1997 வரை கிட்டத்தட்ட மாற்றமே இல்லாமல் செய்த கேமரா அது. வெளிச்சம் காட்டும் முள்ளுக்கு மட்டும் ஒரு பொத்தான் பேட்டரி. அது தீர்ந்துபோனாலும் ஷட்டர் ஓடும். வெளிச்சத்தை உங்கள் அனுபவம் பார்த்துக்கொள்ளும்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். கே1000 அடித்தால் கண்ணாடி மேலே மோதி ‘டப்’பென்று கேட்கும், பந்தியில் இருக்கிறவரும் திரும்பிப் பார்ப்பார். யாஷிகா ‘சிக்’ என்று சொல்லி முடித்துவிடும். 2021-ல் வந்த ஸெட்9-ல் இயந்திர ஷட்டரே கிடையாது. கேட்கும் ‘க்ளிக்’ உள்ளே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அணைத்துவிட்டால் சுத்தமாகச் சத்தம் இல்லை. இது பெரிய வசதி என்று தம்பிமார் சொல்கிறார்கள், தாலி கட்டும்போதும் சர்ச்சில் பூசை நடக்கும்போதும் தொந்தரவு இல்லை. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் படம் எடுத்து முடிந்தது என்பதற்குச் சத்தம்தான் அடையாளம். சத்தம் வரவில்லை என்றால் அவர்கள் மூச்சை விடமாட்டார்கள். ஐம்பது படம் எடுத்த பிறகும் அதே விறைப்பில், கண் இமைக்காமல் நிற்பார்கள். அதனால் அந்த ஸ்பீக்கரை அவர்களுக்காகவே போட்டுவிடுகிறீர்கள். இந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

முதல் டிஜிட்டல் கேமராவை உங்கள் மேசையில் வைத்திருந்தால் வேறு எதற்கும் இடம் இருந்திருக்காது. 1975-ல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்தது அது. எடை 3.6 கிலோ, மூன்று யாஷிகாவுக்கும் மேல். கறுப்பு வெள்ளையில் பத்தாயிரம் புள்ளிகளில் ஒரு படம், அதைக் கேசட் நாடாவில் பதிய 23 வினாடி. தன் வயிற்றுப் பிழைப்பான ஃபிலிமை அழிக்கப்போகும் பொருள் தன் கூடத்திலேயே பிறந்தது என்பதைக் கோடாக் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. 2012-ல் திவால் மனு போட்டது. நமக்குப் பக்கத்திலேயே ஊட்டியில் அதேபோன்ற ஒரு கதை நடந்தது. ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டு 1967-ல் உற்பத்திக்கு வந்தது. தூசி குறைந்த, குளிர்ந்த மலைக்காற்று வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த இடம். ‘இந்து’ என்ற பெயரில் அங்கே தயாரான ரோலும் பேப்பரும் உங்களில் மூத்தவர்களின் டார்க் ரூமுக்குள் வந்து போனவை. 2014-ல் அதை மூடுவதென்று மத்திய அரசு முடிவு செய்தது. ஃபிலிம் செய்யத் தெரிந்த அத்தனை கைகளும் அங்கே இருந்தன. வேலைதான் இல்லாமல் போனது.

மேசையை விட்டு ரொம்ப தூரம் போய்விட்டேன். கேமராவுக்கு எதிரி என்று வரும்போது பழசு புதுசு வித்தியாசம் இல்லை. இடம்தான் வித்தியாசம். சித்தூர் பக்கம் தூசி, மூணாறு பக்கம் பூஞ்சை. மூணாறு அண்ணாச்சிமார் மர அலமாரிக்குள் ஜீரோ வாட் பல்பு எரியவிட்டு லென்ஸைக் காப்பாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மழைக்கு அது நல்ல வழி. ஆனால் பழைய கேமராவை அதன் தோல் உறையோடு அந்த அலமாரியில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதுவே விதை மண். உறையைத் தனியாகவும் கேமராவைத் தனியாகவும் வையுங்கள். தூசி விஷயத்தில் பழசுக்கு ஒரு அனுகூலம் உண்டு. ரோலில் ஒவ்வொரு படத்துக்கும் புது ஃபிலிம் வந்து நிற்கிறது, ஒரு படத்தில் விழுந்த தூசி அந்தப் படத்தோடு போய்விடும். புதுக் கேமராவில் சென்சார் ஒன்றே ஒன்று. கொழிஞ்சாம்பாறைக் கரிசல் மண்ணில் ஒரு துகள் அதில் உட்கார்ந்துவிட்டால், முகூர்த்தத்திலிருந்து மறுவீடு வரை எல்லாப் படத்திலும், வானம் தெரியும் இடத்தில், அதே மூலையில் வந்து நிற்கும். அழைக்காமல் வந்து எல்லாப் படத்திலும் நிற்கும் உறவினரைக்கூட ஆல்பத்தில் வெட்டிவிடலாம், இந்தத் துகளை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும்.

ஒன்றை உங்களில் நிறையப் பேர் கவனித்திருப்பீர்கள். புதுக் கேமராக்கள் இப்போது பழசின் முகத்தைப் போட்டுக்கொண்டு வருகின்றன. நிக்கான் 2023-ல் விட்ட ஸெட்எஃப், 1982-ன் எஃப்எம்2-வைப் பார்த்துச் செய்தது. ஃபியூஜியின் எக்ஸ்100 வரிசையில் 2024-ல் வந்ததற்கு உலகம் முழுக்கப் பல மாதம் காத்திருந்து வாங்கினார்கள். அதே வருஷம் பென்டாக்ஸ், கையால் சுற்றும் லீவர் வைத்துப் புதிதாக ஒரு ஃபிலிம் கேமராவையே விற்பனைக்கு விட்டது. நீங்கள் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் பொருளை, அவர்கள் புதிதாகச் செய்து பெரிய விலைக்கு விற்கிறார்கள். இதில் எனக்கு வருத்தம் இல்லை, பெருமைதான். கையில் திருகும் வட்டும், விரலில் சுற்றும் லீவரும் மனுஷக் கைக்கு இதமானவை என்று நீங்கள் முப்பது வருஷத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தீர்கள்.

ஆனால் அதோடு ஒரு வியாபாரமும் வந்திருக்கிறது. காபிக் கடையில் அலங்காரமாக வைக்க, ரிசார்ட் வரவேற்பறையில் வைக்க, கல்யாணத்துக்கு முன் எடுக்கும் படங்களில் மணப்பெண் கையில் பிடிக்க என்று பழைய கேமராவைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். சில நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஓடும் கேமராவை அலங்காரத்துக்குக் கொடுக்காதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். விற்பதானால் ரோல் போட்டுப் படம் எடுக்கப்போகிறவர்களுக்கு விற்றுவிடுங்கள். கோவையிலும் கொச்சியிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்களிடமே இருக்குமானால் மாதத்துக்கு ஒரு நாள், கடை திறந்ததும், ஷட்டரை எல்லா வேகத்திலும் சிலமுறை அடித்துப் பாருங்கள். முதலில் ஒட்டிக்கொள்வது மெதுவான வேகங்கள்தான், ஒரு வினாடி, அரை வினாடி. அடித்து முடித்தால் ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் வைக்காதீர்கள்.

இனி என் கவலை.

மேசைமேல் இருக்கும் கேமரா பத்திரமாக இருக்கிறது. மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது? அட்டைப் பெட்டிகளிலும் பிஸ்கட் டின்களிலும், பேப்பர் கவருக்குள் பேப்பர் கவராக, அந்தக் கேமரா பார்த்த முகங்கள் எல்லாம் இருக்கின்றன. சில கடைகளில் தரையில், சுவரை ஒட்டி. ஒரு கடையில் மேல்பரணில் ஒழுகும் ஓட்டுக்குக் கீழே. கேமராவுக்குப் பல்பு எரிகிறது, நெகட்டிவுக்கு எரியவில்லை. மேசையைக் கூட்டிப் பெருக்கும்போதோ, கடையை மாற்றும்போதோ, மகன் தலையெடுத்து உள்ளே புதிதாக வேலை செய்யும்போதோ இந்தப் பெட்டிகள்தான் முதலில் வெளியே போகின்றன.

அவை எப்படிப்பட்ட பெட்டிகள் என்று யோசித்துப் பாருங்கள். மூணாறில் கேடிஹெச்பி தேயிலை மியூசியத்துக்குப் போனால் பழைய படங்கள் மாட்டியிருக்கின்றன. 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை நாம் இன்று பார்க்க முடிவது யாரோ அன்று படம் எடுத்து வைத்ததால்தான். ரயிலுக்கும் பாலத்துக்கும் இயந்திரத்துக்கும் அப்படி இடம் கிடைத்தது. கொழுந்து எடுத்த பெண், லயத்து வாசலில் நின்ற பிள்ளை, முதல் சம்பளத்தில் கைக்கடிகாரம் வாங்கி அது தெரியும்படி முழங்கையை மடக்கி நின்ற பையன், இவர்கள் படம் எங்கே இருக்கிறது? பஜாரில் இருக்கும் உங்கள் கடையில்தான் அவர்கள் வந்து நின்றார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் புதிய கேரள மாநிலத்தில் சேர்ந்தன. அதற்குப் பின் இங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் எப்படி உடுத்தினார்கள், எப்படித் தலைவாரினார்கள், எந்தச் சீரைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள் என்று நாளை ஒருவர் தேடினால், எந்த அரசு ஆவணக் காப்பகத்தையும்விட உங்கள் பிஸ்கட் டின்னில் அதிகம் கிடைக்கும். 1993-ல் வாக்காளருக்குப் புகைப்பட அட்டை வேண்டும் என்று உத்தரவு போட்டு நாட்டையே கேமரா முன்னால் உட்கார வைத்தவர் டி. என். சேஷன். நம் பாலக்காட்டுத் திருநெல்லாயில் பிறந்தவர். அந்த அட்டைக்கு அரசு ஒரு முகம் கேட்டது. அதற்கும் பல வருஷங்களுக்கு முன்பே, யாரும் கேட்காமல், ஊரின் முகங்களை வரிசையாக நீங்கள் எடுத்து வைத்துவிட்டீர்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. எழுபது பேரை இழந்தோம், நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பெரும்பாலோர் தூத்துக்குடி கயத்தாறு பக்கத்து வேரிலிருந்து வந்த தோட்டக் குடும்பங்கள். வீட்டோடு சேர்ந்து வீட்டுச் சுவரில் இருந்த படங்களும் மண்ணுக்குள் போயின. அந்த வீடுகளில் ஒரு வீட்டின் கல்யாணப் படமாவது, ஒரு பிள்ளையின் பள்ளிப் படமாவது, மூணாறில் ஏதோ ஒரு கடையின் டப்பாவில் நெகட்டிவாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. இருந்தால் அதைவிடப் பெரிய சொத்து மிஞ்சியிருக்கும் சொந்தக்காரர்களுக்கு வேறு என்ன?

டிஜிட்டல் வந்துவிட்டது, இனி எல்லாம் பத்திரம் என்று நினைக்கவும் முடியவில்லை. என் அனுபவத்தில் அதிகம் காணாமல் போயிருப்பது 2003-லிருந்து 2012 வரை எடுத்த படங்கள். சிடியில் போட்டுக் கொடுத்தோம். சிடி உரிந்துவிட்டது, அல்லது சிடி இருக்கிறது, அதைப் போடும் பெட்டி எந்த வீட்டிலும் இல்லை. ஹார்டு டிஸ்க் ஒரு நாள் ‘டக் டக்’ என்றது, அதோடு சரி. 1975 நெகட்டிவை இன்றும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மாமா தெரிகிறார். 2008-ல் மகள் காதுகுத்தை எங்கே போய்ப் பிடிப்பது?

அதனால்தான் மேசைமேல் இருக்கும் இரண்டு கேமராக்களையும் சேர்த்து வேலைக்கு இறக்கச் சொல்கிறேன். பழசு எடுத்ததைப் புதுசு படம் பிடிக்கட்டும். ஸ்கேனர் வாங்க வேண்டாம். தேவையான எல்லாம் கடையில் ஏற்கெனவே இருக்கிறது. கல்யாணத்தில் மோதிரம் எடுக்கும் மேக்ரோ லென்ஸ், ஒரு ஸ்டாண்டு, ஒரு எல்இடி விளக்கு. போர்டு செய்யும் கடையில் பால் நிற அக்ரிலிக் தகடு ஒரு துண்டு வாங்கி விளக்கின் மேல் வையுங்கள். விளக்குக்குப் பதிலாக டேப்லெட் வெள்ளைத் திரையையும் பயன்படுத்தலாம். ஆனால் நெகட்டிவைத் திரையோடு ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். இரண்டு மூன்று விரல் உயரம் தள்ளி, நடுவில் அந்த அக்ரிலிக்கை வைத்தால் விழாது. நெகட்டிவின் பளபளப்பான பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் இடம் வலம் சரியாக வரும். கடை விளக்கை அணைத்துவிட்டு, டைமரில் வைத்து, ரா (RAW) ஃபைலாக எடுங்கள். கறுப்பு வெள்ளையைத் திருப்புவது சுலபம். கலர் நெகட்டிவில் இருக்கும் ஆரஞ்சுப் பூச்சைக் கழிக்கத் தம்பிமாருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இதில் எனக்கு மிக முக்கியம் என்று படுவது கவர். கவரின் மேல் பென்சிலில் பெயர், எஸ்டேட், டிவிஷன், பில் நம்பர், அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எழுதியிருப்பீர்கள். முதலில் அதைப் படம் எடுத்துவிட்டு அப்புறம் நெகட்டிவை எடுங்கள். பெயர் இல்லாத முகத்தை ஐம்பது வருஷம் கழித்து யாராலும் வீடு சேர்க்க முடியாது. “நாயமக்காடு, பாக்கி 4 ரூபாய்” என்ற ஒரு வரி இருந்தால் ஒரு குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். பழைய பில் புக்கையும் தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.

பூஞ்சை பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், முகமும் அதோடு போகும். ஊதி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதைத் தனியாகப் பிரித்து, அதையே முதலில் படம் பிடியுங்கள், பக்கத்தில் இருப்பதையும் அது கெடுத்துவிடும். பிளாஸ்டிக் பைக்குப் பதில் பட்டர் பேப்பர் கவர், டின்னுக்குப் பதில் அட்டைப் பெட்டி, தரைக்குப் பதில் அந்த ஜீரோ வாட் பல்பு எரியும் அலமாரியில் ஒரு தட்டு. லென்ஸ் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நமக்கு அதற்கும் வழி இருக்கிறது. தமிழர் வீட்டில் ஆடியில் கல்யாணம் இல்லை, மலையாளி வீட்டில் கர்க்கடகத்தில் கல்யாணம் இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே முப்பது நாள். எல்லையோர ஸ்டுடியோவுக்கு இரண்டு பக்க முகூர்த்தமும் சேர்ந்து ஓய்கிற மாதம் அது. சித்தூர் பக்கம் மழை குறைவு, அதனால் அண்ணன்மார் ஆடியில் உட்காரலாம். மூணாறில் ஆடியில் பெட்டியைத் திறந்தால் ஈரம் உள்ளே போகும். அண்ணாச்சிமாருக்கு மார்கழி. குளிரும், ஆனால் காற்று காய்ந்திருக்கும், முகூர்த்தமும் இருக்காது. ஒரு வருஷத்துக்கு ஒரு பெட்டி முடிந்தாலும் போதும்.

படம் பிடித்ததை உடனே எல்லார் மொபைலுக்கும் அனுப்பிவிட வேண்டாம் என்றும் சொல்லத் தோன்றுகிறது. அவை நம்மை நம்பி நின்றவர்களின் முகங்கள். கல்யாணம் முறிந்துபோன ஜோடி இருக்கும், வரன் பார்க்கக் கொடுத்த பெண்ணின் படம் இருக்கும், இறந்தவரைச் சாய்த்து உட்கார வைத்து எடுத்தது இருக்கும். அந்தந்த வீட்டில் கேட்டுவிட்டு, அவர்களுக்கு முதல் பிரதியைக் கொடுத்துவிட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் வெளியே காட்டுவோம்.

காட்டுவதற்கு ஒரு நாளும் மனதில் வைத்திருக்கிறேன். நீலக்குறிஞ்சி மூணாறு மலைகளில் 1982, 1994, 2006, 2018 என்று பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூத்தது. 1982-ல் மலையேறியவர்கள் கையில் கறுப்பு வெள்ளை ரோல் நிறைய. 1994-ல் கலர் ரோல். 2006-ல் பாதி ஃபிலிம், பாதி டிஜிட்டல். 2018-ல் வெள்ளத்துக்கு நடுவே வந்து பார்த்தவர்கள் எல்லார் கையிலும் மொபைல். ஒரே மலை, ஒரே பூ, நான்கு விதமான கேமரா. அடுத்தது 2030-ல். அதற்குள் முந்தைய நான்கு பூப்பின் படங்களையும், அந்தந்தக் காலத்துக் குடும்பப் படங்களையும் உங்கள் பெட்டிகளிலிருந்து எடுத்து, எடுத்த ஸ்டுடியோவின் பெயரோடு பெரிய பிரிண்டாகப் போட்டு மூணாறிலும் கொழிஞ்சாம்பாறையிலும் ஒவ்வொரு வாரம் வைப்போம். பக்கத்தில் எடுத்த கேமராவையும் வைப்போம். கண்ணாடிப் பெட்டி வேண்டாம். மூடியைத் திறந்து வைத்தால் பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

அக்ரிலிக் தகடும் பட்டர் பேப்பர் கவரும் மொத்தமாக வாங்கிக்கொண்டு மார்கழி முதல் வாரம் மூணாறுக்கு வருகிறேன். ஆடியில் கொழிஞ்சாம்பாறை. வரும்வரை செய்ய வேண்டியது ஒன்றுதான். தரையில் இருக்கும் பெட்டியை இன்றைக்கே எடுத்து மேசைமேல் வையுங்கள். இடம் போதவில்லை என்றால் சார்ஜர்களைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் கடைகளில் டீ குடித்துக்கொண்டே பழைய படம் தேடுகிறவன்